ஒரே வீட்டில் கார்த்திகை, ஹனுக்கா, கிறிஸ்துமஸ்: வாசகர் கேள்வி-பதில்

கணவன் ஒரு மதம், மனைவி ஒரு மதம், பிள்ளை வேறொரு நாட்டில் பிறந்து தத்து வந்தது. இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து பண்டிகை, தானதர்மம் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். கேட்டவர்கள் விரும்பியபடி பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

*

கேள்வி: நான் திண்டுக்கல் பக்கம், இந்து. கணவர் அமெரிக்க யூதர். ஆறு வயது மகளை இந்தியாவிலிருந்து தத்தெடுத்தோம். கார்த்திகையும் ஹனுக்காவும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டும் விளக்குப் பண்டிகைதானே, ஒரே நாளில் ஒரே மேசையில் சேர்த்து ஏற்றிவிடலாம் என்றேன். மாமியார் முகம் சுருங்கிவிட்டது. நான் சொன்னதில் என்ன தப்பு?
வாசகி, எடிசன், நியூஜெர்சி

பதில்: மாமியார் பக்கம் நியாயம் இருக்கிறது. ஹனுக்கா விளக்குக்கு ஒரு விதி உண்டு. அந்த வெளிச்சத்தில் எந்த வேலையும் பார்க்கக்கூடாது, புத்தகம்கூடப் படிக்கக்கூடாது. பார்த்துக்கொண்டு உட்கார மட்டுமே அது. எட்டுச் சுடருக்கு மேல் ஒன்பதாவதாக 'ஷமாஷ்' என்று ஒன்று தனியே உயர்ந்து நிற்பது இதனால்தான். மற்றவற்றை ஏற்றுவதும் அதைக்கொண்டு, தற்செயலாக வெளிச்சம் எதற்காவது பயன்பட்டுவிட்டால் பழி ஏற்பதும் அது. பக்கத்தில் இருபது அகல் எரிந்தால் இந்த ஏற்பாடே அர்த்தமற்றுப் போகும். கார்த்திகைக்கு எண்ணிக்கை கிடையாது. வாசல், மாடம், துளசி மாடம், கிணற்றடி என்று இடம் இருக்கும் வரை வைப்போம். ஹனுக்காவில் எண்ணிக்கைதான் பண்டிகை. முதல் இரவு ஒன்று, எட்டாம் இரவு எட்டு, தினமும் ஒரு ஷமாஷ். மொத்தம் 44. கடையில் விற்கும் மெழுகுவத்திப் பெட்டியில் 44 இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கு.

அடுக்கும்போது வலக்கோடியிலிருந்து தொடங்கி இடப்பக்கமாக அடுக்க வேண்டும். ஏற்றும்போது கடைசியாக வைத்த புதியதில் தொடங்கி இடமிருந்து வலமாக வர வேண்டும். பிள்ளைகள் மூன்றாம் இரவு தவறாமல் மாற்றிச் செய்வார்கள். மெனோரா எனும் ஹனுக்கா விளக்குத்தண்டின் அடித்தட்டில் சின்ன அம்புக்குறி ஒட்டிவிட்டால் தொல்லை இல்லை. பிள்ளைக்குத் தனியாக ஒரு மெனோரா வாங்கிக் கொடுப்பது பல யூத வீடுகளில் வழக்கம். மாமியாரையே வாங்கித் தரச் சொல்லுங்கள், சுருங்கிய முகம் விரியும்.

2026-இல் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹனுக்கா டிசம்பர் 4 மாலை தொடங்குகிறது, அது வெள்ளிக்கிழமை. எட்டாம் இரவான டிசம்பர் 11-ம் வெள்ளி. வெள்ளியன்று, யூதர்களின் வார ஓய்வு நாளான சப்பாத்துக்குரிய மெழுகுவத்தியை ஏற்றிய பிறகு நெருப்பைத் தொடக்கூடாது என்பதால் ஹனுக்கா விளக்கு அதற்கு முன்பே ஏற வேண்டும். உங்கள் ஊரில் அந்த வாரங்களில் நாலரைக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். சப்பாத் மெழுகுவத்தி அதற்கு 18 நிமிடம் முன்னால், ஹனுக்கா அதற்கும் முன்னால் என்றால் நாலு மணிக்கே தீப்பெட்டி கையில் இருக்க வேண்டும். நன்றாக இருட்டிய பிறகும் அரை மணி நேரம் சுடர் நிற்க வேண்டும் என்பது விதி. சாதாரண ஹனுக்கா மெழுகுவத்தி அரை மணியில் கரைந்துவிடும். எனவே இந்த இரண்டு வெள்ளிக்கும் ஒன்றரை மணிக்கு மேல் எரியக்கூடிய நீளமான மெழுகுவத்திகள் தனியாக 11 வேண்டும்: முதல் வெள்ளிக்கு 2, இரண்டாவதற்கு 9. சனிக்கிழமை நேர்மாறு. சப்பாத் முடிந்த பிறகே ஏற்றுவார்கள்.

இனி உங்கள் அகல். புது மண் அகலை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்காவிட்டால் எண்ணெயைக் குடித்து அடியில் கசியும். வாடகை வீட்டின் மரத்தரையில் அந்த வட்டக் கறை போகாது. தேங்காயெண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், நியூஜெர்சி வாசலில் திரி காய்ந்து அணைந்து போகும். நல்லெண்ணெய் தாங்கும். தடித்த திரி புகையும். உள்ளே வைத்தால் புகை அலாரம் அலறும். அதற்காக அலாரத்தின் பேட்டரியைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அகல்களை இரண்டு விரல் கனம் மணல் பரப்பிய தட்டில் வைத்து வாசல் சிமெண்ட் படியில் வையுங்கள், மரத்தில் கட்டிய பின்கட்டில் வைக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கூடுதலாக. இந்தியாவில் பிறந்தவள் என்பதால் தீபாவளியும் கார்த்திகையும் 'அவள் பண்டிகை', ஹனுக்கா 'நம் வீட்டுப் பண்டிகை' என்று பேச்சில்கூடப் பிரிந்துவிடக்கூடாது. அவளைப் பெற்றவர்கள் எந்த மதம் என்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். தீபாவளி விடியலில் அவள் உச்சந்தலையில் எண்ணெய் வைக்க அப்பாவுக்கும் தெரியட்டும். ஹனுக்கா ஆசியை எபிரேயத்தில் சொல்ல நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். மூன்றே வரி.

*

கேள்வி: ஹனுக்காவுக்கு எட்டுப் பரிசு, கிறிஸ்துமஸுக்கு மூன்று, தீபாவளிக்குப் பட்டுப்பாவாடை. மகள் விரல் விட்டு எண்ணி 'இன்னும் ரெண்டு வரணும்' என்கிறாள். கொடுக்கும் பழக்கத்தை எப்படித் தொடங்குவது?
வாசகர், சான் ஹோசே

பதில்: எட்டு இரவுக்கு எட்டுப் பரிசு என்று யூத மரபில் கட்டாயமே கிடையாது. பழைய வழக்கம் 'கெல்ட்' எனும் கைக்காசு. பரிசு மலையாகக் குவிந்தது அமெரிக்காவில், கிறிஸ்துமஸ் பக்கத்து வீட்டில் இருந்ததால். எனவே குறைப்பதில் குற்ற உணர்வு வேண்டாம். ஓர் இரவு பம்பர விளையாட்டு, ஓர் இரவு பலகாரம், ஓர் இரவு கொடுப்பதற்கு. ஐந்தாம் இரவையோ ஆறாம் இரவையோ இதற்கென ஒதுக்கும் வீடுகள் நிறைய.

கொடுக்கிற இரவு டிசம்பரில் திடீரென முளைத்தால் பிள்ளைக்கு அது பறிமுதல் மாதிரித்தான் தெரியும். ஜனவரியிலேயே உண்டியல் வையுங்கள். யூத வீட்டில் அதற்குப் 'புஷ்கே' என்று பெயர். வெள்ளி மாலை சப்பாத் மெழுகுவத்திக்கு முன் அதில் காசு போடுவது வழக்கம். வாரம் ஒரு குவார்ட்டர், அதாவது 25 சென்ட் காசு. 52 வாரத்துக்கு 13 டாலர். மேலே நீங்கள் 5 போட்டால் 18. எபிரேயத்தில் 'உயிர்' என்ற சொல்லின் இரண்டு எழுத்துக்கும் எண் மதிப்பு 8, 10. அதனால் யூதர்கள் 18, 36, 54 என்று 18-இன் மடங்காகக் கொடுப்பார்கள். நாம் மொய்யில் ஒற்றை ரூபாய் சேர்ப்பது போல என்று சொன்னால் பாட்டிக்கும் புரியும்.

உண்டியலைத் திறந்து எண்ணுவது அவள் வேலை. யாருக்கு என்பதில் இரண்டே தேர்வு கொடுங்கள். பத்து கொடுத்தால் எதுவும் நடக்காது.

எங்கே கெடும் என்றால், முதலில், அவளுக்கு வந்த பரிசை எடுத்து 'இதைக் கொடுத்துடலாமா கண்ணு' என்று கேட்பது. அது கேள்வியே இல்லை என்று அவளுக்குத் தெரியும். அடுத்தது, உடைந்த பொம்மை. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் சேமப்படை 1947-இலிருந்து நடத்தும் 'டாய்ஸ் ஃபார் டாட்ஸ்' போன்ற பொம்மைச் சேகரிப்புகள் கேட்பது புதிய பொம்மை, அதுவும் பரிசுத்தாள் சுற்றாமல். வயதுக்கேற்பப் பிரிக்க வேண்டும் என்பதால் சுற்றியிருந்தால் அவர்களுக்கு இரட்டை வேலை. சேகரிப்புப் பெட்டிகளைப் பெரும்பாலும் டிசம்பர் நடுவிலேயே எடுத்துவிடுவார்கள்; ஹனுக்கா பின்தள்ளி வரும் வருடங்களில் உங்கள் 'கொடுக்கிற இரவு' தாமதமாகிவிடும்.

உணவு வங்கி என்றால் பணமே மேல். மொத்த விலைக்கு வாங்குகிறவர்கள் உங்கள் பத்து டாலரில் உங்களைவிட அதிகம் வாங்குவார்கள். பிள்ளை கையால் பொருளாகத்தான் கொடுக்க வேண்டுமென்றால் கண்ணாடிச் சீசா தவிருங்கள், தேதி பாருங்கள். நம்மவர்கள் இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டையைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். பிரித்துக் கட்ட அங்கே ஆளோ வசதியோ இல்லாமல் அது மூலையில் கிடக்கும். இரண்டு பவுண்டு பொட்டலங்களாக வாங்குங்கள்.

நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த செவ்வாய் 'கிவிங் ட்யூஸ்டே'. 2012-இல் நியூயார்க்கில் தொடங்கியது. 2026-இல் டிசம்பர் 1. வேலை பார்க்கும் நிறுவனம் உங்கள் நன்கொடைக்கு இணையான தொகை போடுமா என்று அன்றைக்கு முன் மனிதவளப் பிரிவில் கேட்டுவிடுங்கள். 18 டாலர் 36 ஆவதைப் பார்ப்பது பிள்ளைக்குப் பெரிய விஷயம்.

*

கேள்வி: பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். ஒன்பது வயது மகளின் பிறந்தநாளும் அந்த வாரம். அவளைப் பிறந்த சில மாதங்களில் ஒரு காப்பகத்திலிருந்து தத்தெடுத்தோம், அது அவளுக்கும் தெரியும். 'பாப்பா கையால ஆசிரமத்துப் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போடணும்' என்று அப்பா ஏற்பாடு செய்துவிட்டார். கிறிஸ்தவரான என் கணவருக்கும் நல்ல காரியம்தானே என்று சந்தோஷம். எனக்கு மட்டும் உறுத்துகிறது.
வாசகி, ஹூஸ்டன்

பதில்: உறுத்துவது சரியான இடத்தில்தான் உறுத்துகிறது. அந்தக் காட்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். கேக் வெட்டும் வரை சாப்பாடு வராது. தெரியாத பிள்ளைக்கு எல்லோரும் கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாட வேண்டும். உங்கள் மகள் பட்டுப்பாவாடையும் கையில் கரண்டியுமாக நிற்பாள். எதிரே தன் வயதுப் பெண் தட்டை நீட்டுவாள். தான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டியவள் என்று ஒன்பது வயதுக்குத் தெரியாதா? தட்டை நீட்டுகிற பெண்ணுக்கும் இன்று தன் பிறந்தநாள் இல்லை என்று தெரியும்.

அப்பாவிடம் 'தர்மம் வேண்டாம்' என்று சொல்லாதீர்கள், புண்படுவார். இடத்தை மாற்றச் சொல்லுங்கள். கொடுப்பவரும் உண்பவரும் ஒரே பந்தியில் உட்காரும் இடம் பாருங்கள். கோயில் அன்னதானத்தில் பணம் கட்டிவிட்டு நீங்களும் அதே இலையில் சாப்பிடலாம். ஹூஸ்டனிலேயே சீக்கியர்களின் குருத்துவாராக்களில் லங்கர் எனும் பொதுப் பந்தி உண்டு. பிள்ளை சப்பாத்தி பரிமாறிவிட்டு அதே தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். கணவரின் தேவாலயத்தில் உணவு பொட்டலம் கட்டும் வேலை இருந்தால் அதுவும் நல்லது.

காப்பகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று அப்பா நின்றால் பிள்ளையை அழைத்துப் போகாமல் கொடுக்கட்டும். முதலில் போன் செய்து கேட்க வேண்டும். பொங்கல், தீபாவளி, ஞாயிறு என்றால் ஒரே வேளைக்கு மூன்று வீட்டுப் பிரியாணி வந்து சேரும். சாதாரண செவ்வாய்க்கிழமை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஒரு பிள்ளைக்கு வேளைக்கு 150 கிராம் அரிசி என்றால் ஐம்பது பிள்ளைக்கு ஏழரை கிலோ. மாதத்தின் பத்து சாதாரண நாள் மதியத்துக்கு 75 கிலோ அரிசியைக் கடைக்காரரிடம் நேரே பணம் கட்டி இறக்கச் சொல்லலாம். சோப்பு, சானிட்டரி நாப்கின், அளவு கேட்டு வாங்கிய பள்ளிக் காலணி, கரண்ட் பில் இவற்றை யாரும் கொண்டுவருவதில்லை. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடவே கூடாது. காப்பகப் பிள்ளைகளின் அடையாளம் வெளியாவதைச் சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது.

அந்த வாரம் இன்னொன்றும் நடக்கும். யாராவது ஒரு பெரியம்மா மகள் காது கேட்க 'அநாதைப் பிள்ளைக்கு வாழ்வு குடுத்த புண்ணியவதி' என்பார். அங்கேயே, சிரித்த முகமாகவே சொல்லிவிடுங்கள்: 'புண்ணியக் கணக்கெல்லாம் இல்ல பெரியம்மா. எங்களுக்குப் பிள்ளை வேணும்னு இருந்துச்சு, இவ வந்தா.' மகள் எதிரில் சொல்வதுதான் முக்கியம். பிறகு அறைக்குள் கூட்டிப்போய்ச் சமாதானம் சொல்வதில் பாதிப் பலன் போய்விடும். 'தத்து' என்ற சொல்லே 'கொடுக்கப்பட்டது' என்ற பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்தது. வாங்கிக்கொண்டவர்கள் நீங்கள். அதைத்தான் நம் ஊர்ப் பேச்சு தலைகீழாக்கிவிட்டது.

*

கேள்வி: மகள் வளர்ந்த இந்தியக் காப்பகத்துக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் 1,000 டாலர் அனுப்ப நினைக்கிறோம். மனைவி அமெரிக்கக் குடிமகள், எனக்கு இந்திய பாஸ்போர்ட். எப்படி அனுப்புவது? வரிச் சலுகை உண்டா?
வாசகர், அட்லாண்டா

பதில்: அனுப்புவதற்கு முன் எப்போது என்று பாருங்கள். தத்து நடைமுறை நடக்கும்போது விதியில் உள்ள கட்டணத்துக்கு மேல் நன்கொடை என்று எதுவும் கேட்கக்கூடாது, வாங்கக்கூடாது. மத்தியத் தத்து ஆதார ஆணையமான காராவின் விதிகளும் அப்படியே, நாடு விட்டு நாடு தத்தெடுப்பது பற்றிய 1993 ஹேக் உடன்படிக்கையின் நோக்கமும் அதுவே. பிள்ளைக்கும் பணத்துக்கும் முடிச்சு விழக்கூடாது. தத்து முடிந்த பிறகு முதல் ஆண்டு காலாண்டுக்கு ஒன்று, இரண்டாம் ஆண்டு அரையாண்டுக்கு ஒன்று என ஆறு கண்காணிப்பு அறிக்கைகள் போகும். அவை முடியும் வரை பொறுப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. இன்னொரு தம்பதி காத்திருப்புப் பட்டியலில் இருக்கும்போது உங்கள் பணம் அங்கே என்ன பேசும் என்றும் யோசியுங்கள்.

அடுத்து யார் பெயரில் என்பது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்படி உங்கள் மனைவி 'வெளிநாட்டு மூலம்'. இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். அவர் பணத்தை வாங்க அந்த நிறுவனத்துக்கு அச்சட்டப் பதிவு இருக்க வேண்டும். பணம் முதலில் வந்து சேர வேண்டிய இடம் புதுடில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கெனத் திறந்த கணக்கு. இந்தியக் குடிமகனான நீங்கள் உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. நிறுவனம் பாஸ்போர்ட் நகல் கேட்கும், கொடுங்கள். நாளை நீங்களும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினால் அன்றே நிலைமை மாறிவிடும். வருடாவருடம் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவைத்தவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். தம்பி கணக்குக்கு அனுப்பி அவர் பெயரில் கொடுக்கச் சொல்வது சட்டத்தைச் சுற்றிப்போகிற வேலை. சிக்கினால் பதிவை இழப்பது அந்த நிறுவனம்.

வரி விஷயத்தில் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். இந்திய அறக்கட்டளைக்கு நேரே கொடுத்ததை அமெரிக்க வருமான வரியில் கழிக்க முடியாது. 501(சி)(3) எனும் வரிவிலக்குத் தகுதியுள்ள அமெரிக்க அமைப்புக்குக் கொடுத்து, அது தன் பொறுப்பில் இந்தியாவில் செலவிட்டால் கழிக்கலாம். வரித்துறையின் இணையத் தேடலில் அமைப்பின் பெயர் வருகிறதா பாருங்கள். 250 டாலரும் அதற்கு மேலும் என்றால் எழுத்தில் ரசீது வேண்டும். பதிலுக்குப் பொருளோ சேவையோ தந்தார்களா இல்லையா என்று அதில் ஒரு வரி இருந்தாக வேண்டும். அமைப்பு நிதி திரட்ட நடத்தும் விருந்தில் சாப்பிட்ட சாப்பாட்டின் மதிப்பைக் கழித்துத்தான் கணக்கு. 2026 முதல், செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடாதவர்களும் ரொக்க நன்கொடையில் தனிநபர் 1,000, தம்பதி 2,000 டாலர் வரை கழிக்கலாம்.

கடைசியாக, காப்பகத்துக்கே கொடுக்க வேண்டுமா? பல நாடுகளில் காப்பகத்தில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். பள்ளிச் செலவுக்கும் சோற்றுக்கும் வழியில்லாமல் கொண்டுவந்து விட்டவர்கள். கட்டில் அதிகமானால் பிள்ளைகளும் அதிகமாவார்கள். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம் இதைத்தான் வற்புறுத்தியது: பணத்தைப் பிள்ளை வீட்டிலேயே வளரும்படி திருப்புங்கள். தனித்து நிற்கும் தாய்க்குத் தையல் இயந்திரம், பள்ளிக் கட்டணம், மாலை நேரப் பராமரிப்பு. இந்தியாவில் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அரசே இப்படிப்பட்ட பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறது. அதற்கு மனுப்போடத் தெரியாத குடும்பங்களை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போகும் சிறு அமைப்புக்கு உங்கள் 1,000 டாலர் அதிகம் உழைக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் கொடுப்பதை எட்டுப் படியாக அடுக்கினார். உச்சியில் வைத்தது ஒருவன் மறுபடி கையேந்தாதபடி தொழிலோ கடனோ கூட்டோ கொடுப்பதை.

*

கேள்வி: ஹனுக்காவுக்குச் செய்யும் உருளைக்கிழங்கு அடையான லாட்கே சட்டியில் பிரிந்துபோகிறது. நம் வடைக்கே பழகிய கை எனக்கு!
வாசகி, பிளேனோ

பதில்: தண்ணீர்தான் காரணம். ஒரு கிலோ உருளைக்கிழங்கு, ஒரு பெரிய வெங்காயம் இரண்டையும் துருவி மெல்லிய துணியில் கட்டி, கை வலிக்கும் வரை பிழியுங்கள். பிழிந்த நீரை ஐந்து நிமிடம் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு தங்கும். மேல் நீரைக் கொட்டிவிட்டு அந்த மாவைத் திரும்பச் சேருங்கள், அதுதான் பசை. முட்டை 2, மைதா 3 மேசைக்கரண்டி. உப்பைக் கடைசியில் போடுங்கள், முன்பே போட்டால் மறுபடி நீர் விடும். அரை அங்குலத்துக்கும் குறைவான எண்ணெய் போதும், மூழ்க வேண்டாம். ஒரு பக்கம் நன்றாகச் சிவக்கும் வரை கரண்டி படக்கூடாது.

*

கேள்வி: நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன், மனைவி இந்து. மகன் எத்தியோப்பியாவில் பிறந்தவன், இப்போது 14 வயது. அவனுக்காக ஜனவரி 7 எத்தியோப்பியக் கிறிஸ்துமஸும் கொண்டாடி வந்தோம். இந்த ஆண்டு 'எனக்கு வேண்டாம்' என்கிறான். விடுவதா, தொடர்வதா?
வாசகர், டொராண்டோ

பதில்: அவன் வேண்டாம் என்பது எத்தியோப்பியாவையா, அல்லது அவன் பெயரில் நீங்கள் நடத்தும் விழாவையா? வெள்ளைப் பருத்தி உடுப்பு போட்டு, விருந்தாளிகளுக்கு விளக்கம் சொல்லி, போட்டோவுக்கு நிற்பது பதினாலு வயதில் யாருக்குத்தான் பிடிக்கும்? விழாவை விடுங்கள், சாப்பாட்டை விடாதீர்கள். அவன் தத்துக் கோப்பிலும் ஒரு முறை பாருங்கள். எத்தியோப்பியாவில் மூன்றில் ஒருவர் போல முஸ்லிம். அவன் பிறந்த குடும்பத்துக்கு 'கென்னா' எனும் இந்த எத்தியோப்பியக் கிறிஸ்துமஸ் பண்டிகையே இல்லாமல் இருந்திருக்கலாம். அந்த நாடு 2018-இல் வெளிநாட்டுத் தத்தை நிறுத்திவிட்டதால் அவனுக்குப் பின்னால் அப்படி வரும் பிள்ளைகளும் இல்லை. தன்னைப் போன்ற வயதுக்காரர்கள் யாரும் சேர்ந்து வராத தனிமையும் அவனுக்கு உண்டு. டான்ஃபோர்த் பக்கத்து எத்தியோப்பியக் கடைகளில் சும்மா போய் சாப்பிட்டு வாருங்கள். கடைக்காரரோடு அவன் பேசினால் பேசட்டும்.

வீட்டில் 'தோரோ வாட்' எனும் எத்தியோப்பியக் கோழிக்குழம்பு செய்வதானால் நம் கோழிக்குழம்புக் கைப்பழக்கத்தை மறக்க வேண்டும். ஒன்றரை கிலோ கோழிக்கு ஏறத்தாழ அதே எடை வெங்காயம், பொடியாக. முதலில் எண்ணெயே இல்லாமல் அடிகனத்த சட்டியில் 40 நிமிடம் கிண்ட வேண்டும். தமிழர்கள் சறுக்குவது இங்கேதான். எண்ணெயை முதலிலேயே விட்டால் வெங்காயம் வதங்கித் தனித்தனியாக நிற்கும், கரைந்து குழம்பாகாது. நீர் வற்றிக் கூழானதும் மசாலா நெய் 100 கிராம், 'பெர்பெரே' எனும் எத்தியோப்பிய மிளகாய் மசாலாத் தூள் நாலு மேசைக்கரண்டி. தூள் கருகினால் கசக்கும்; ஒட்டுகிற போதெல்லாம் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து 15 நிமிடம். அதன் பிறகே எலுமிச்சையில் அலசிய கோழி, கடைசியில் கீறிய அவித்த முட்டை. கென்னாவுக்கு முன் 43 நாள் அங்கே இறைச்சி, பால், முட்டை எதுவும் தொடாத நோன்பு. உங்கள் மனைவியின் விரதச் சமையலோடு அது நன்றாகவே ஒத்துப்போகும்.

தர்மம் பற்றி ஒரு வரி. 'எத்தியோப்பியாவுக்கு ஒரு ஆடு' வகைப் பரிசுப் பட்டியலை அவன் கையில் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். தான் பிறந்த ஊர் என்றால் பஞ்சம் என்று பள்ளியில் கேட்டது போதும். அவனுக்குப் பந்து பிடிக்குமென்றால் டொராண்டோப் பிள்ளைகளுக்குக் காலணி வாங்கட்டும்.

*

கேள்வி: கணவர் முஸ்லிம், நான் கிறிஸ்தவள். வெளிநாட்டிலிருந்து எடுத்து வளர்க்கும் மகனின் படிப்புச் செலவை ஜகாத் கணக்கில் காட்டலாமா?
வாசகி, லெஸ்டர்

பதில்: கூடாது. நீங்கள் பொறுப்பேற்று வளர்க்கும் பிள்ளை உங்கள் செலவு. ஜகாத் வெளியே போக வேண்டிய பங்கு. 85 கிராம் தங்கம் அல்லது 595 கிராம் வெள்ளியின் மதிப்புக்கு மேல் சொத்து ஒரு சந்திர ஆண்டு நின்றால் அதில் இரண்டரை சதவீதம். நோன்புப் பெருநாளின் ஃபித்ரா வேறு. வீட்டில் தலைக்கு இரண்டரை, மூன்று கிலோ தானியம் அல்லது அதன் விலை. மகனுக்கும் சேர்த்துக் கொடுப்பார் கணவர். பெருநாள் தொழுகைக்கு முன் ஏழை கையில் சேர வேண்டும். காலையில் போனில் அனுப்பினால் அது சேராது, மூன்று நாள் முன்பே அனுப்புங்கள். பிரிட்டனில் வருமான வரி கட்டுபவரானால் நன்கொடைப் படிவத்தின் கிஃப்ட் எய்ட் கட்டத்தில் குறியிட மறக்காதீர்கள். 100 பவுண்டுக்கு அரசு 25 சேர்க்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். இஸ்லாமிய முறையில் வளர்ப்புப் பிள்ளைக்குச் சொத்து தானாக வராது. மூன்றில் ஒரு பங்கு வரை உயில் எழுதலாம். கணவர் அதை எழுதிவைக்கட்டும்.

*

கேள்வி: நான் கத்தோலிக்கத் தமிழச்சி, கணவர் யூதர், மகள் சீனாவில் பிறந்தவள். 2027-இல் ஹனுக்காவின் முதல் இரவு டிசம்பர் 24 என்கிறார்கள். எதை முதலில் வைப்பது? சீனப் புத்தாண்டுக்கு உறையில் எவ்வளவு போடுவது?
வாசகி, சிகாகோ

பதில்: அதுவும் வெள்ளிக்கிழமை. சிகாகோவில் அன்று நாலே கால் தாண்டினால் சூரியன் மறைந்துவிடும், எனவே நாலு மணிக்குள் ஹனுக்கா, உடனே சப்பாத் மெழுகுவத்தி, ஆறு மணிக்குள் சாப்பாடு. நடுச்சாமப் பூசைக்கு அதன் பிறகும் நேரம் தாராளமாக இருக்கிறது. குடில் ஒரு அறையில், மெனோரா வேறு அறையின் சன்னலில். குடிலின் வைக்கோல் பக்கத்தில் எரிகிற சுடர் எந்த மதத்துக்கும் நல்லதில்லை. மெனோராவை அணைக்கக்கூடாது, தானாக முடிய வேண்டும். எனவே அது எரிந்து முடியும் முன் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

சீனப் புத்தாண்டு 2027-இல் பிப்ரவரி 6. சிவப்பு உறையில் புது நோட்டு, இரட்டைப்படை. நாலு வரக்கூடாது, சீனத்தில் அதன் ஒலி சாவை நினைவூட்டும். நம் ஊர்த் தாத்தா வழக்கப்படி 51, 101 என்று ஒற்றையில் போட்டுவிடுவார். சீனருக்கு ஒற்றைப்படை துக்க வீட்டுக் கணக்கு. முன்பே சொல்லிவையுங்கள். மகள் அதிலிருந்து உண்டியலுக்கு எடுத்து வைக்க 18 டாலர் பொருத்தம். அப்பா வீட்டில் அது உயிர், சீனத்தில் எட்டு செல்வத்தின் எண். தாத்தாவுக்குத்தான் ஒரு டாலர் குறையும். அதை அவர் தனியாக அவள் கையில் கொடுத்துக்கொள்ளட்டும்.